எண்ணாக மிஞ்சியவை

எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையில் இன்னொரு பத்தியைச் சேர்த்துவிட்டுச் சேமிக்கிறோம். நமக்கு அது ஒரே காரியம். டிஸ்க்கில் அது குறைந்தது மூன்று காரியம். பத்தியின் எழுத்துகளைக் காலியான ஓர் இடத்தில் எழுத வேண்டும். அந்த இடம் இனிமேல் காலியில்லை என்று இடக்கணக்கில் குறிக்க வேண்டும். இந்த இடமும் இந்தக் கோப்புக்குச் சொந்தம் என்று கோப்பின் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். மூன்றும் டிஸ்க்கின் மூன்று வெவ்வேறு மூலைகளில் நடப்பவை. மூன்றையும் ஒரே கணத்தில் எழுத வழியில்லை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எழுத முடியும். நடுவில் மின்சாரம் போய்விடலாம்.

இடக்கணக்கு மட்டும் எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால், யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடம் வீணாகப் பூட்டிக் கிடக்கும். பதிவேடு மட்டும் எழுதப்பட்டிருந்தால், கோப்பு அந்த இடத்தைத் தன்னுடையது என்று சொல்லும், இடக்கணக்கோ காலி என்று சொல்லும். நாளைக்கு வேறொரு கோப்புக்கும் அதே இடம் ஒதுக்கப்படும். எழுத்துகள் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தால், யாரும் தேடி வராத இடத்தில் அவை கிடக்கும். இன்னொரு நிலையும் உண்டு. இடக்கணக்கும் பதிவேடும் எழுதப்பட்டு, எழுத்துகள் மட்டும் எழுதப்படாமல் போவது. அப்போது கணக்கும் பதிவேடும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். எந்தச் சோதனையிலும் பிழை தெரியாது. ஆனால் கோப்பைத் திறந்தால் நம் பத்தி இருக்காது; முன்பு அந்த இடத்தில் கிடந்த ஏதோ குப்பை இருக்கும்.

இந்தக் கடைசி நிலைதான் என்னை நீண்ட நாளாக யோசிக்க வைக்கிறது. இடக்கணக்குகள், பதிவேடுகள், பெயர்ப் பட்டியல்கள் எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டைத்தான் ஃபைல் சிஸ்டம் என்கிறோம். அது கெட்டுப்போனால் சரிசெய்யக் கருவிகள் இருக்கின்றன, நல்ல கருவிகள். ஆனால் அவை எதைச் சரிசெய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அவற்றைத் தொடுவது ஆபத்து. முரணில்லாமல் இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. கருவி முதலாவதை மீட்டுத் தரும். இரண்டாவதற்கு அது பொறுப்பேற்கவில்லை.

*

யூனிக்ஸின் தொடக்க காலத்தில் கெட்டுப்போன டிஸ்க்கைச் சரிசெய்வது கைவேலை. இடக்கணக்கைச் சோதிக்க ஒரு சிறு நிரல், பெயர்ப் பட்டியலைச் சோதிக்க இன்னொன்று, எண்ணிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்க மற்றொன்று என்று தனித்தனியாக இருந்தன. அவை சொல்வதைச் சேர்த்துப் படித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று ஆள்தான் முடிவுசெய்ய வேண்டும். 1970களின் பிற்பகுதியில் டெட் கோவால்ஸ்கி இவற்றையெல்லாம் ஒன்றாக்கி எஃப்எஸ்சிகே என்ற நிரலை எழுதினார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் கிர்க் மெக்கூசிக் அதைப் புதிய ஃபைல் சிஸ்டத்துக்கு ஏற்ப விரித்தார். இன்று லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் ஈஎக்ஸ்டி4 வகைக்கான சோதனை நிரல் அந்த மரபில் வந்ததுதான். அதைப் பல்லாண்டுகளாகப் பேணிவருபவர் தியடோர் ட்ஸோ. மைக்ரோசாஃப்ட் பக்கத்தில் செக்டிஸ்க் இருந்தது. 1993இல் டாஸ் 6.2 உடன் ஸ்கேன்டிஸ்க் வந்தது. விண்டோஸ் 98 காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு, கரன்ட் போய் வந்ததும் நீலத் திரையில் மெல்ல நகரும் அந்த மஞ்சள் பட்டை நினைவிருக்கும்.

எஃப்எஸ்சிகே ஐந்து கட்டமாக வேலை செய்கிறது. முதல் கட்டத்தில் ஒவ்வொரு கோப்பின் பதிவேட்டையும் படிக்கிறது. இதற்கு ஐநோடு என்று பெயர். கோப்பு எவ்வளவு பெரியது, எப்போது மாற்றப்பட்டது, எந்தெந்த இடங்கள் அதற்குச் சொந்தம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் ஃபோல்டர்களின் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. மூன்றாவதில் ஒவ்வொரு ஃபோல்டரும் மூல ஃபோல்டரோடு தொடர்பில் இருக்கிறதா என்று பார்க்கிறது. நான்காவதில் ஒவ்வொரு கோப்பையும் எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்று எண்ணிச் சரிபார்க்கிறது. ஐந்தாவதில் இடக்கணக்கை ஒப்பிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐநோடில் எல்லாம் இருக்கிறது, பெயர் மட்டும் இல்லை. பெயர் ஃபோல்டரில்தான் இருக்கிறது. ஃபோல்டர் என்பதே பெயரும் எண்ணும் ஜோடி ஜோடியாக எழுதப்பட்ட ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் அழிந்தால், கோப்பு உள்ளே ஓர் எழுத்துகூடக் குறையாமல் இருக்கும். அதற்குப் பெயர் என்ன, எந்த ஃபோல்டரில் இருந்தது என்பது மட்டும் தெரியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 1993இல் வேறு வழியைத் தேர்ந்தது. அதில் கோப்பின் பதிவிலேயே பெயரும் தாய் ஃபோல்டரின் எண்ணும் எழுதப்படுகின்றன. அதனால் செக்டிஸ்க் பல சமயம் அநாதைக் கோப்பை அதன் பழைய ஃபோல்டரிலேயே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. யூனிக்ஸ் மரபில் அதற்கு வழியில்லை. அங்கே வேறொரு ஏற்பாடு இருக்கிறது.

ஈஎக்ஸ்டி4 டிஸ்க் ஒவ்வொன்றின் மேல்மட்டத்திலும் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் என்றொரு ஃபோல்டர் இருக்கும். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போதே அது உருவாகிவிடுகிறது. பெரும்பாலும் அது காலியாகவே கிடக்கும். என்னவென்று தெரியாமல் அழித்துவிடுபவர்களும் உண்டு. பெயரிழந்த கோப்பைக் கண்டால் எஃப்எஸ்சிகே அதை வீசிவிடாமல் இந்த ஃபோல்டரில் கொண்டுவந்து வைக்கிறது. வைக்கும்போது அதன் ஐநோடு எண்ணையே பெயராகச் சூட்டுகிறது. காலியாகக் கிடக்கும் அந்த ஃபோல்டருக்கு முன்கூட்டியே 16 கிலோபைட் அளவுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருப்பது ஏன் என்று தெரிந்தபோது எழுதியவர்கள்மேல் எனக்குப் பெரிய மதிப்பு வந்தது. கெட்டுப்போன ஃபைல் சிஸ்டத்தில் எந்த இடம் உண்மையிலேயே காலி என்று நம்ப முடியாது. காலி என்று நம்பிப் புதிய இடத்தை எடுத்தால், கணக்கில் விடுபட்டுப்போன ஒரு நல்ல கோப்பின் மேல் எழுதிவிட நேரலாம். ஆகவே மீட்கப்பட்டவர்கள் வந்து தங்குவதற்கான இடத்தை, விபத்து நடப்பதற்கு முன்பே, எல்லாம் சீராக இருக்கும் நாளிலேயே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள்.

இன்னொரு முடிவும் அதே மனநிலையிலிருந்து வந்தது. இரண்டு கோப்புகள் ஒரே இடத்தைத் தம்முடையது என்று கோரினால் என்ன செய்வது? ஏதாவது ஒன்றுக்குத்தான் அது சொந்தமாக இருக்க முடியும். எதற்கு என்று நிரலுக்குத் தெரியாது. எஃப்எஸ்சிகே அந்த இடத்தின் உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்து இரண்டு கோப்புக்கும் ஆளுக்கொன்று தர முன்வருகிறது. இப்போது கணக்கு முரணில்லாமல் ஆகிவிடும். இரண்டில் ஒரு கோப்பின் நடுவில் அந்நியமான ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். எந்தக் கோப்பில் என்பதைத் திறந்து படிப்பவர்தான் சொல்ல முடியும்.

*

இவ்வளவு பொறுப்பாக எழுதப்பட்ட நிரல் எப்படி ஆபத்தாக முடியும்? சரிசெய்வது என்பதும் எழுதுவதுதான் என்பதால். எஃப்எஸ்சிகே தான் காணும் ஒவ்வொரு முரணையும் தீர்க்க டிஸ்க்கில் எதையாவது மாற்றுகிறது. மாற்றியது மாறியதுதான். அது தன் முடிவுகளை டிஸ்க்கில் இருப்பதை வைத்து எடுக்கிறது. டிஸ்க்கில் இருப்பதே பொய்யாக இருந்தால், அந்தப் பொய்யோடு ஒத்துப்போகும்படி நல்லதையும் திருத்திவிடும்.

அதனால்தான் கருவியின் முதல் பயன்பாடு எதையும் மாற்றாமல் பார்ப்பதாக இருக்க வேண்டும். மைனஸ் என் என்று கொடுத்தால் எஃப்எஸ்சிகே டிஸ்க்கைப் படிக்க மட்டுமே திறந்து, தன் எல்லாக் கேள்விகளுக்கும் தானே இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டு, கண்டதை மட்டும் எழுதிக் காட்டும். செக்டிஸ்க்கும் அப்படித்தான், கூட எதுவும் சேர்க்காமல் கொடுத்தால் அறிக்கை மட்டுமே தரும். அந்த அறிக்கையைப் பொறுமையாகப் படித்தாலே நிலைமை பாதி விளங்கிவிடும். இலவச இடத்தின் கணக்கு தவறு என்று நாலைந்து வரி மட்டும் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாக ஐநோடுகள் செல்லாதவை என்று வந்தால் அங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். அந்த நிலையில் மைனஸ் ஒய் கொடுத்து எல்லாவற்றுக்கும் ஆம் என்பது, படிக்காமலேயே கையெழுத்துப் போடுவது.

பயன்பாட்டில் இருக்கும் டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஓட்ட முயன்றால் நிரலே பெரிய எழுத்தில் எச்சரிக்கும். அதைவிட நுட்பமான ஒன்று, பார்ப்பதற்காக மட்டும் திறப்பதும் சில சமயம் எழுதுவதாகிவிடுகிறது என்பது. ஈஎக்ஸ்டி4 டிஸ்க்கை ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தாலும், பாதியில் நின்ற வேலைகளின் குறிப்பேட்டை அது முதலில் டிஸ்க்கில் எழுதி முடித்துவிடும். வேண்டாம் என்று தனியாகச் சொன்னால்தான் விடும்.

ஜர்னல் எனப்படும் அந்தக் குறிப்பேடு ஒரு பெரிய முன்னேற்றம். என்ன செய்யப்போகிறோம் என்பதை முதலில் ஒரு தனி இடத்தில் எழுதிவைத்துவிட்டுப் பிறகு செய்வது. நடுவில் மின்சாரம் போனாலும், திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து முடித்துவிடலாம். 1990களில் ஐபிஎம்மின் ஜேஎஃப்எஸ், என்டிஎஃப்எஸ், சிலிக்கான் கிராஃபிக்ஸின் எக்ஸ்எஃப்எஸ் எல்லாம் இந்த வழியில் வந்தன. 2001இல் ஸ்டீஃபன் ட்வீடியின் ஈஎக்ஸ்டி3 வழியாக லினக்ஸிலும் இது பரவலானது. மணிக்கணக்கில் ஓடிய சோதனை சில விநாடியில் முடிந்தது. ஆனால் இவை வழக்கமாகக் குறிப்பேட்டில் எழுதுவது கணக்கையும் பதிவேட்டையும்தான், கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. இங்கும் உறுதி தரப்படுவது முரணின்மைக்கு.

எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கான எஃப்எஸ்சிகே ஒன்றும் செய்யாது, வெற்றிகரமாக ஒன்றும் செய்யாது என்றே அதன் கையேடு சொல்கிறது. குறிப்பேட்டைப் படிப்பது மவுன்ட் செய்யும்போது நடந்துவிடுவதால், உண்மையான பழுதுக்கு மட்டும் தனி நிரல். அந்த நிரலில் குறிப்பேட்டையே அழித்துவிடும் வழி ஒன்று உண்டு. அது வேறு எதுவும் கைகொடுக்காதபோதுதான். லினக்ஸின் இன்னொரு ஃபைல் சிஸ்டமான பிடிஆர்எஃப்எஸ்ஸின் கையேடோ, விவரம் தெரிந்தவர் சொல்லாமல் பழுதுபார்க்கும் வழியைத் தொடவே வேண்டாம் என்கிறது. இத்தனை எச்சரிக்கைகளையும் எழுதியவர்கள் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. தங்கள் கருவியின் எல்லையை அறிந்தவர்களின் நேர்மை அது.

*

நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தபடி பதிப்பகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்துகொடுப்பவர். லினக்ஸ் கணினி, ஸ்கிரைபஸ் மென்பொருள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது; ஆனால் மின்சாரத்திலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்த ஒரு துடிப்பு டெஸ்க்டாப்பை அணைத்துவிடப் போதும். ஒருநாள் அப்படி அணைந்து எழுந்தபோது வழக்கமான திரை வரவில்லை. எதிர்பாராத முரண், எஃப்எஸ்சிகேயைக் கையால் இயக்கவும் என்று கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. தொலைபேசியில் கூப்பிட்டார்.

"தோழர், ஒய் போடவான்னு கேக்குது. போட்டுடட்டுமா?"

"எதையும் தொடாதீங்க தோழர். பவரை மட்டும் நிறுத்திடுங்க. நான் வரேன்."

முதலில் பார்க்க வேண்டியது ஃபைல் சிஸ்டத்தை அல்ல, அதைத் தாங்கும் டிஸ்க்கை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். அதில் பார்க்க வேண்டியவை இரண்டு மூன்று வரிகள்தான். 5ஆம் எண் வரி, கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்ட செக்டர்கள். 197ஆம் எண் வரி, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைவிடக் கேபிளைத்தான் சந்தேகிக்க வேண்டும். நண்பரின் டிஸ்க்கில் 197ஆம் வரியில் சுழியம் இல்லை. அப்படியென்றால் டிஸ்க்கின் சில பகுதிகளைப் படிக்கவே முடியவில்லை. அந்த டிஸ்க்கின் மேல் எஃப்எஸ்சிகேயை ஓட்டுவது, நிற்க முடியாதவரை நடக்கச் சொல்வது.

வேறொரு டிஸ்க்கை இணைத்து ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற நிரலால் பிரதியெடுத்தோம். அன்டோனியோ டியாஸ் டியாஸ் எழுதிய இந்த நிரல் முதல் சுற்றில் நன்றாகப் படிக்க முடிகிறவற்றையெல்லாம் வேகமாக எடுத்துக்கொண்டு, இடறும் இடத்தைத் தாண்டிப் போய்விடும். எடுக்கக்கூடியது பத்திரமான பிறகுதான் திரும்பி வந்து, இடறிய இடத்தின் ஓரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தது, எதை விட்டது என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே வரும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரவு முழுக்க ஓடியது. விடியும்போது மிகச் சிறிய பகுதி மட்டும் மீதி இருந்தது. பழைய டிஸ்க்கை எடுத்து உறையில் போட்டு வைத்துவிட்டோம். பிரதியின் இன்னொரு பிரதியில்தான் எஃப்எஸ்சிகேயை ஓட்டினோம். தப்பாகப் போனாலும் திரும்பி வந்து தொடங்க ஓர் இடம் இருக்க வேண்டும்.

படிக்க முடியாமல் போன இடங்களில் ஒன்று, நண்பர் வேலை செய்துகொண்டிருந்த ஃபோல்டரின் பெயர்ப் பட்டியல். லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் நிறைய எண்கள் வந்து நின்றன. உள்ளே இருந்த ஒரு துணை ஃபோல்டர் மட்டும் தன் பெயரை இழந்திருந்தாலும் தன்னுள் இருந்த கோப்புகளின் பெயர்களை அப்படியே வைத்திருந்தது. மற்றவை வெறும் எண்கள். வகை பிரிப்பது எளிது. ஒரு கோப்பின் முதல் சில எழுத்துகளைப் பார்த்தாலே அது படமா, பிடிஎஃப்பா என்று நிரலே சொல்லிவிடும். ஸ்கிரைபஸ் கோப்புகள் வெறும் உரைக் கோப்புகள். எதில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். குறிச்சொற்களுக்கு நடுவே தமிழ் வரிகள் தெரிந்தன. ஆனால் ஒரே சிறுகதைத் தொகுப்புக்கு மூன்று கோப்புகள் இருந்தன, அளவில் கிட்டத்தட்ட ஒன்றே, தேதியும் பக்கத்துப் பக்கத்து நாட்கள். நண்பர் ஒவ்வொன்றாகத் திறந்து ஒரு குறிப்பிட்ட கதையின் முடிவுக்குப் போனார்.

"இது ரெண்டாவது ப்ரூஃப். மொதல் ப்ரூஃப்ல இந்த எடத்துல ஒற்று விட்டுப்போயிருந்துச்சு, ஆசிரியர் போன் பண்ணித் திருத்தச் சொன்னார். இதுல திருத்தியிருக்கேன் பாருங்க."

ஒரு வல்லின ஒற்று. அதை வைத்து அவர் அந்தக் கோப்புக்கு அதன் பெயரைத் திருப்பிக் கொடுத்தார். எந்த நிரலாலும் செய்ய முடியாத அந்தக் காரியத்தை, தான் செய்த வேலையை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு மனிதர் செய்தார். அதே நாளில் நேர்மாறானதையும் பார்த்தோம். வேறொரு ஃபோல்டரில் பெயரும் அளவும் தேதியும் சரியாக இருந்த ஒரு கோப்பு. எஃப்எஸ்சிகே அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திறந்தால், பாதிக்குமேல் வெறும் சுழியங்கள். அட்டைப்படத்துக்காக வைத்திருந்த ஒரு புகைப்படம், மேல் பாதி முகமும் கீழே சாம்பல் நிறப் பட்டையுமாக வந்தது. பிறகு எஃப்எஸ்சிகேயை மறுபடி ஓட்டினோம். ஃபைல் சிஸ்டம் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னது. அது பொய்யில்லை. அது சோதிக்க ஒப்புக்கொண்ட எல்லாமே சரியாகத்தான் இருந்தன.

*

நண்பரின் மேஜையில் அன்று நடந்தது நம் பதிப்பு மரபு நன்கு அறிந்த வேலை. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சிட்டார். அந்நூலில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. எண்கள் மட்டும் தங்கள் இடத்தில் நிற்கின்றன. இன்னும் பல பாட்டுகளில் சிதைந்த அடிகள் புள்ளிகளாக அச்சாகியிருக்கின்றன. 269ஐ 267 ஆக்கி எண்ணிக்கையை நேர்செய்துவிடுவது எளிது. நூல் பார்வைக்கு முழுமையாக இருந்திருக்கும், எங்கே இழந்தோம் என்ற தடயமும் அதோடு போயிருக்கும். இழப்பை இழப்பாகவே காட்டுவதும் மீட்பின் ஒரு பகுதி. டிடிரெஸ்க்யூவின் வரைபடக் கோப்பு செய்வது இதைத்தான்: இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை படிக்க முடியவில்லை என்று எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பு இருந்ததால்தான் எந்தக் கோப்புகளில் ஓட்டை விழுந்திருக்கும் என்று தேடிப் பார்க்க முடிந்தது.

முரணின்மையின் மேல் மட்டும் அக்கறை இருந்தால் இப்படிக் குறித்துவைக்க வேண்டிய தேவையே வராது. ஒத்துவராததை நீக்கிவிட்டால் எந்தப் பட்டியலும் முரணற்றதாகிவிடும். பட்டியல்களை வைத்து மனிதர்களை அடையாளம் காணும் காலத்தில் இருக்கிறோம். எழுத்துப் பிழையாலோ, பழைய முகவரியாலோ, இரண்டு ஆவணத்தில் இரண்டு விதமாக எழுதப்பட்ட தந்தை பெயராலோ ஒருவர் ஒத்துவராமல் போகலாம். அவரை நீக்கிவிட்டுப் பட்டியல் சுத்தமாகிவிட்டது என்று சொல்வதற்கும், பெயர் தெரியும்வரை எண்ணோடாவது ஓரிடத்தில் தங்கவைப்பதற்கும் உள்ள தூரம் பெரியது. கணினி நிரல் எழுதியவர்கள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இரண்டாவதைத் தேர்ந்து, அதற்கான இடத்தையும் முன்கூட்டியே ஒதுக்கினார்கள். அந்தத் தேர்வு தொழில்நுட்பம் மட்டும் சார்ந்ததல்ல.

*

பழுதுபார்க்கும் வேலையும் பழுதாகலாம். எஃப்எஸ்சிகே ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனால், மறுபடி ஓட்டியும் சரிசெய்ய முடியாத நிலைக்கு ஃபைல் சிஸ்டம் போய்விடலாம் என்று 2018இல் சேமிப்புத் தொழில்நுட்பம் பற்றிய ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே யுபிஎஸ் இல்லாத வீட்டில் மழை இருட்டிக்கொண்டு வரும் மாலையில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஈஎக்ஸ்டி4 நிரலில் ஒரு வசதி உண்டு: மாற்றப்போகும் ஒவ்வொன்றின் பழைய வடிவத்தையும் வேறொரு டிஸ்க்கில் உள்ள கோப்பில் எழுதிவைத்துக்கொண்டே வேலை செய்யச் சொல்லலாம், தப்பானால் திரும்பப் பெறலாம். முழுப் பிரதிக்கு இடமில்லாதவர் இதையாவது செய்ய வேண்டும். எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். அழித்த கோப்பின் இடத்தை ட்ரிம் கட்டளை மூலம் டிஸ்க்கே துடைத்துவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் போட்டோரெக் போன்ற நிரலால் மீட்க முடிந்தவை இதில் பெரும்பாலும் மீளாது. அதனால் நிறுத்துவது என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

கணக்கை மட்டுமின்றி உள்ளடக்கத்தையும் காக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ், எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்த்து எழுதுகிறது. பிடிஆர்எஃப்எஸ்ஸும் அப்படியே. படிக்கும்போது எண் பொருந்தவில்லை என்றால், இது நீ எழுதியது இல்லை என்று சொல்லிவிடும். நண்பரின் சுழியங்கள் அங்கே சத்தமில்லாமல் போயிருக்காது. ஆனால் தவறு என்று சொல்ல முடிவது ஒன்று, சரி எது என்று தர முடிவது வேறு. இன்னொரு பிரதி எங்காவது இருந்தால்தான் அதுவும் திருத்தித் தரும்.

எந்தப் பக்கமிருந்து யோசித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறேன். சிதைந்த ஒன்றை அதை மட்டும் வைத்து உண்மையாக மீட்க முடியாது. ஏடுகளைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள் ஒரே நூலுக்குப் பல பிரதிகளைத் தேடியது அதனால்தான். ஒரு பிரதியின் பிழையை இன்னொரு பிரதிதான் காட்டிக்கொடுக்கும். கணினியில் அந்த இன்னொரு பிரதியை நாம்தான், கெடுவதற்கு முன்பே, உண்டாக்கி வைக்க வேண்டும். தானாக ஒத்திசையும் மேகச் சேமிப்பு மட்டும் இதற்குப் போதாது. இங்கே கெட்டது அங்கேயும் போய்க் கெடும். போன வாரத்துப் பிரதி, போன மாதத்துப் பிரதி என்று காலம் பிரிந்த பிரதிகள் வேண்டும். அவற்றில் ஒன்றாவது கணினியோடு இணைக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும்.

பிரதியை எடுத்துவைத்தவர்களிலும் பெரும்பாலோர் ஒன்றைச் செய்வதில்லை. அதை எப்போதாவது திறந்து படித்துப் பார்ப்பது. கோப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்பதையெல்லாம் நிரல் பார்த்துக்கொள்ளும். உள்ளே நாம் எழுதியதுதான் இருக்கிறதா என்பதை எழுதியவர்தான் பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை நாலைந்து கோப்புகளைத் திறந்து ஒரு பக்கமாவது படித்துப் பார்க்கலாம். அதற்கு ஆகும் நேரம் கொஞ்சம்தான். எந்தக் கருவியும் அதை நமக்காகச் செய்து தராது.